பொட்டிக்குள்ள ஒரு மூலை



மலர்க்குழு அண்ணன் என்னிடம் வந்து, "டேய், நீதான் கம்ப்யூட்டருக்குள்ள வீடு கட்டுனவனாச்சே, அதைப் பத்தி ஒரு கட்டுரை குடு" என்று கேட்டபோது கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். ஏன்னா, நம்ம ஹாஸ்டல்ல என் லேப்டாப்புக்குப் பேரே "வி.ஏ.ஓ. ஆபீஸ்". திறந்தால் மெனு தமிழில் இருக்கும், ஃபோல்டர் தமிழில் இருக்கும். "பட்டா சிட்டா கிடைக்குமா சார்?" என்று கேட்காத ரூம்மேட் கிடையாது. இத்தனை நாள் சிரித்தவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறேன் என்கிறபோது சொல்லாமல் விடலாமா? சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்க ஊர். சாமை விதைக்கிற ஊர்; புளி, பலா, சீத்தாப்பழம் இறக்குகிற ஊர். அப்பா வருஷத்தில் பாதி நாள் கர்நாடகத்தில் காபித் தோட்டத்தில் இருப்பார். அம்மாவும் ஆயாவும் காட்டில். எங்க வீட்டில் எழுத்து என்றால் ரேஷன் கார்டு ஒன்றுதான். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் எங்க குடும்பத்தில் நான். அட்மிஷன் ஃபாரத்தில் "பெற்றோர் கல்வித் தகுதி" என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே வந்தவன்.

முதல் வாரம், கம்ப்யூட்டர் லேப். சார் சொன்னார்: "டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை ஓபன் பண்ணுங்க."

நான் மேசை மேல தேடினேன்.

சிரிக்காதீர்கள்! டெஸ்க் என்றால் மேசை, டாப் என்றால் மேல். ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷை வைத்து நான் பண்ணிய மொழிபெயர்ப்பு சரியானதுதான். கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன். மானிட்டருக்குப் பின்னாலும் பார்த்தேன். பக்கத்துப் பையன் சிரித்தான், அப்புறம் அந்த வரிசை சிரித்தது, அப்புறம் லேப் முழுக்கச் சிரித்தது. சார் மட்டும் சிரிக்காமல் வந்து திரையைத் தொட்டுக் காட்டினார்.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. சிரித்ததுகூடப் பெரிய விஷயமில்லை. அந்தத் திரையில் இருந்த ஒரு பொருளும் எனக்குத் தெரிந்த பொருள் இல்லை என்பதுதான் உறுத்தியது. ஃபைல், ஃபோல்டர், ரீசைக்கிள் பின், விண்டோ... யாரோ ஒருத்தர் வீட்டுக்குள் கூப்பிடாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு மாதம் இப்படியே போனது. யூனிட் டெஸ்ட்டில் சி புரோகிராமிங் ஐம்பதுக்கு நாலு. ஒரு வெள்ளிக்கிழமை டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டேன். திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை, களி கிண்டிப் போட்டாள். ஆயாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குடா சாமி அழுவுற?"

"அந்தப் பொட்டி எனக்குப் புரியல ஆயா. அதுக்குள்ள எதுவுமே நம்மளுது இல்ல."

ஆயா வெற்றிலையை மென்று துப்பிவிட்டுக் கேட்டாள்: "அம்மாம் பெரிய பொட்டின்ற. அதுல உனுக்கு ஒரு மூல கெடைக்காதா?"

அவ்வளவுதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் நான் கீழே இறங்கிவிட்டேன்.

மேசை யாருடையது?

வந்ததும் லைப்ரரியில் உட்கார்ந்து ஒரு விஷயத்தைத் தேடிப் படித்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு ஏன் மேசை என்று பேர்? விடை கிடைத்தபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில்தான் இந்த முறை உருவானது. 1973-இல் ஆல்டோ என்று ஒரு கணினி செய்தார்கள். படத்திரை, மவுஸ் எல்லாம் அதில் உண்டு. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்கு விட்டார்கள். அதை வாங்கப் போகிறவர்கள் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று, அவர்களுக்குப் பழகிய பொருள்களையே திரையில் வரைந்தார்கள். மேசை, காகிதம், கோப்பு, கோப்பு வைக்கிற உறை, தபால் தட்டு. 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் வந்தது, பிறகு விண்டோஸ் வந்தது, உலகமே அந்த மேசைக்குப் பழகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ஒரு அமெரிக்க ஆபீஸ்காரருக்குக் கம்ப்யூட்டர் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று அக்கறை எடுத்து வரைந்த படம் அது. எங்க வீட்டில் மேசையே கிடையாதே! மேசை இல்லாத வீட்டிலிருந்து வந்தவன் மேசை மேல் தேடினால் அது முட்டாள்தனமா? எனக்குப் புத்தி மட்டு இல்லை, படம்தான் என் வீட்டைப் பார்த்து வரையப்படவில்லை என்று புரிந்தது. சரி, அவர்கள் அவர்களுக்குத் தெரிந்ததை வரைந்துகொண்டார்கள். நாம் நமக்குத் தெரிந்ததை வரைந்துகொள்ள யார் வேண்டாம் என்றது?

பழைய குடித்தனக்காரர் சாமான்

எங்க பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர் 2014-இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை வைத்திருந்தார். அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது என்பது உங்களில் பலருக்கு அண்ணன், அக்கா மூலமாகத் தெரிந்திருக்கும். அவர் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டதால் லேப்டாப் பரணில் கிடந்தது. அப்பா 2,500 ரூபாய்க்குப் பேசி, மூன்று தவணையில் கொடுத்து வாங்கித் தந்தார். 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். பேட்டரி செத்தது, கரண்ட் போனால் அதுவும் போகும்.

குடிபோகிற வீட்டை முதலில் பெருக்க வேண்டும் இல்லையா? போகிக்கு வீடு மெழுகுவது போல ஆரம்பித்தேன். பின்மூடியைக் கழற்றி, விசிறியில் அடைத்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். உள்ளே ஒரு கரப்பான் குடும்பமே இருந்தது. அதற்கப்புறம் ஃபைல்கள். டி டிரைவில் அந்த அண்ணனுடைய கல்யாணப் போட்டோ அத்தனையும் அப்படியே இருந்தது. அழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பழைய குடித்தனக்காரர் மறந்து வைத்த குத்துவிளக்கைத் தெருவில் போடுவார்களா? பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி அழுதுவிட்டார்கள். அவர்களிடம் வேறு பிரதியே இல்லையாம். (இந்த வரியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.)

பழைய மெஷினில் புது விண்டோஸ் நகரவில்லை. அதனால் லினக்ஸ் போட்டேன். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் ஆரம்பித்தது அது. நம்மைவிட மூன்று வயதுதான் மூத்தவர்! லினக்ஸில் எனக்கு முதலில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குப் பேரே "ஹோம்". டெர்மினலில் எந்த மூலைக்குப் போயிருந்தாலும், எவ்வளவு ஆழத்தில் சிக்கியிருந்தாலும், "சி, டி" என்று இரண்டே எழுத்து அடித்து என்டர் தட்டினால் நேராக வீட்டுக்கு வந்துவிடலாம்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஜமுனாமரத்தூர் ஸ்டாண்டில் படுத்த அனுபவம் உள்ளவனுக்குத்தான் அந்த இரண்டு எழுத்தின் அருமை தெரியும்.

அம்மாவுக்கு நாலு எழுத்து

அடுத்தது மொழி. மெனுவைத் தமிழுக்கு மாற்றினேன். பாதி தமிழில் வந்தது, பாதி இங்கிலீஷிலேயே நின்றது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். யாரோ ஒருத்தர் வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து "சேமி", "வெட்டு", "ஒட்டு" என்று எழுதிவைத்திருக்கிறார். சேவ், கட், பேஸ்ட் என்று லேபில் மனப்பாடம் பண்ணினபோது ஏறாதது இப்போது பட்டென்று ஏறியது. வெட்டும் ஒட்டும் எங்களுக்குத் தெரியாதா? மாஞ்செடியை வெட்டி ஒட்டுப் போடுகிறவர்கள்தானே நாங்கள்!

அப்புறம் டைப்பிங். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி உருவானது தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டு தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு கீபோர்டு, ஆளுக்கொரு எழுத்துரு. ஒருத்தர் அடித்ததை இன்னொருத்தர் மெஷினில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியுமாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். இப்படிப் பல நாட்டுத் தமிழர்கள் தனித்தனியாக உழைத்த உழைப்பு ஒரு வழிக்கு வந்தது யூனிகோடால். யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் கொடுத்திருந்தார்கள். தமிழக அரசு அதை 2010-இல் அதிகாரபூர்வமாக ஏற்றது. 1991-இல் லினக்ஸ், 1991-இல் யூனிகோடு. எனக்கு வீடு கட்ட ஒருத்தர் கல்லும் ஒருத்தர் மண்ணும் ஒரே வருஷத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

தமிழ்99-இல் உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம். மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. இங்கிலீஷ் கீபோர்டில் பார்த்தால் ஏ, கே, கே, க்யூ. "அப்பா"வுக்கும் நாலுதான். "ஆயா"வுக்கு மூணு. முதல் நாள் ராத்திரி நான் அடித்தது இந்த மூணு பேரைத்தான். எங்க வீட்டு ஆட்களின் பேர் ஒரு திரையில் எரிந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

திண்ணை முதல் பரண் வரை

இனிமேல்தான் வி.ஏ.ஓ. ஆபீஸ் கதை. ஃபோல்டர்களுக்கு எங்க வீட்டு இடங்களின் பேரை வைத்தேன்.

திண்ணை: இன்டர்நெட்டிலிருந்து இறங்குவதெல்லாம் இங்கேதான் தங்கும். முன்பின் தெரியாதவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, யார், எந்த ஊர் என்று விசாரித்த பிறகுதானே உள்ளே விடுவோம்? வைரஸ் பார்த்த பிறகுதான் உள்ளே.

அடுப்படி: இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிற புரோகிராம். வெந்ததும் வேகாததுமாகக் கிடக்கும்.

குதிர்: பாட நோட்ஸ், பழைய கேள்வித்தாள், மானுவல். பஞ்ச காலத்துக்கு, அதாவது செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரிக்கு.

பரண்: முடிந்துபோன செமஸ்டர்கள். வேண்டாம் என்றும் தூக்கிப் போட மனசு வராது.

எருக்குழி: அழித்தவை போகிற இடம். ஒரு நாள் வேண்டாம் என்று தள்ளின புரோகிராமிலிருந்து ஒரு ஃபங்க்ஷனை எடுத்து மறுபடி உபயோகப்படுத்தினேன். எரு எதற்கு உதவும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

வால்பேப்பருக்கு எங்க வீட்டு வாசலில் நின்று ராத்திரி வானத்தைப் போனில் எடுத்துப் போட்டேன். ரூம்மேட் பார்த்துவிட்டு "இன்னாடா வெறும் கறுப்பா இருக்குது, டிஸ்ப்ளே போச்சா?" என்றான். வெளிச்சத்தைக் கூட்டி உற்றுப் பார்த்தால்தான் நட்சத்திரம் தெரியும். எங்க மலையின் இன்னொரு பக்கம், காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பேரைத்தான் வைத்தார்கள். உலகத்திலிருந்து விஞ்ஞானிகள் வந்து பார்க்கிற அளவுக்கு நல்ல கறுப்பு எங்க கறுப்பு! "அது டிஸ்ப்ளே கோளாறு இல்லடா, எங்க ஊர்" என்றேன்.

இப்படி எல்லாம் பண்ணின பிறகு ஒரு மாற்றம் நடந்தது. லேப்டாப்பைத் திறக்கக் கை நடுங்குவது நின்றது. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. இருட்டில் நெருப்புப் பெட்டி எந்த மாடத்தில் இருக்கிறது என்று வீட்டில் கைக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

இருபது இடம் போதவில்லை

நல்லதையே சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்றாம் செமஸ்டர் லேபில் ஒரு புரோகிராம்: ஃபோல்டர் பேரைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஃபைல்களைப் பட்டியல் போட வேண்டும். எல்லாரும் அவரவர் ஃபோல்டர் பேரைக் கொடுத்தார்கள், ஓடியது. நான் என் லேப்டாப்பைக் கொண்டுபோய், பெருமையாக "அடுப்படி" என்று அடித்தேன். "ஸ்டேக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்று ஒரு வரி வந்தது, புரோகிராம் செத்தது.

பின்னால் ஒரு குரல்: "அடுப்பு அணைஞ்சிடுச்சு சார்!"

மறுபடி லேப் முழுக்கச் சிரிப்பு. மறுபடி அதே சார். புரோகிராமைப் பார்த்தார். பேரை வைக்க நான் இருபது இடம் கொண்ட ஒரு கேரக்டர் வரிசைதான் ஒதுக்கியிருந்தேன். "அடுப்படிக்கு எத்தனை எழுத்துடா?" என்று கேட்டார். "அஞ்சு சார்." "ஸ்ட்ரிங் லெங்த் போட்டுப் பார்." போட்டேன். 24 என்று வந்தது.

லேப் அமைதியாகிவிட்டது. ஐந்து எழுத்து எப்படி இருபத்து நாலு ஆகும்?

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தேன். யூனிகோடில் "டு" என்பது ட தனி, உகரக் குறி தனி. "ப்" என்பது ப தனி, புள்ளி தனி. "டி"யும் அப்படியே. ஆக, நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து; உள்ளே எட்டுக் குறியீடு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். எட்டு மூணு இருபத்து நாலு. கடைசியில் ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்ட ஒரு பைட். இருபத்தைந்து பேரை இருபது பேர் படுக்கிற அறையில் தள்ளினால் சுவர் இடியாமல் என்ன செய்யும்?

அடுத்த லேபில் சார் என்னை போர்டுக்குக் கூப்பிட்டு இதை விளக்கச் சொன்னார். போர்டில் அ, ட, உகரக் குறி, ப, புள்ளி என்று பிரித்து எழுதி, கீழே மூணு மூணு என்று போட்டுக் காட்டினேன். மேசை மேல் ஃபோல்டர் தேடினவன் அன்றைக்கு ஒரு வகுப்பு எடுத்தான். முடித்ததும் சார் சொன்னார்: "உன் வீட்டில தப்பில்ல, நீ கட்டுன அறைதான் சின்னது. இனிமே அளந்து கட்டு." அந்த செமஸ்டர் சி புரோகிராமிங்கில் எனக்கு அரியர் இல்லை.

ஆயாவின் விதை

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன்.

போன வருஷம் பொங்கலுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். காணும் பொங்கல் அன்றைக்கு ஆயாவை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். எந்த மழைக்குச் சாமை விதைப்பது, எந்தப் பாறை இடுக்கில் தேன் கட்டும், அவள் கல்யாணத்துக்கு யார் யார் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள், செத்துப்போன மாடுகளின் பேர் எல்லாம்... நடுவில் நாலு தடவை கரண்ட் போனது. ஐந்து துண்டாக மொத்தம் நாற்பது நிமிஷம். "குதிர்" ஃபோல்டரில் போட்டு "சேமி"யை அழுத்தினேன். "இன்னாடா, என்ன உள்ள வெச்சிட்டியா?" என்று கேட்டாள். "உனக்கும் ஒரு மூலை கிடைச்சிடுச்சு ஆயா" என்றேன். சிரித்தாள்.

ஆடி மாதம் ஆயா போய்விட்டாள்.

ஆவணியில் ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே டிக், டிக் என்று சத்தம். திரை கறுப்பு. இந்தத் தடவை அது எங்க ஊர் வானம் இல்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. கடையில் கேட்டதற்கு, டேட்டாவை மீட்டுத் தர லேப்டாப் விலையைப் போல நாலு மடங்கு சொன்னார்கள். அதற்கும் உறுதி இல்லை என்றார்கள்.

நண்பர்களே, எங்க ஆயா விதைச் சாமையை ஒருநாளும் ஒரே இடத்தில் வைத்ததில்லை. ஒரு பங்கு எங்க வீட்டில் சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் இருக்கும். ஒரு பங்கு மாமன் வீட்டில் இருக்கும். கூரை வீடு, எப்போது தீப்பிடிக்கும் என்று தெரியாது. எலி வரும், மழை ஒழுகும். ஒரு வீடு போனாலும் அடுத்த வருஷம் விதைக்க வேண்டும். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். மாமன் வீட்டுக்கு அந்தக் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு போனதே நான்தான். அந்த அண்ணியின் கல்யாணப் போட்டோவையும் பார்த்தவன். வீட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் பேர் வைத்தேன், திண்ணையும் பரணும் கட்டினேன். விதையை மட்டும் மாமன் வீட்டில் வைக்க மறந்துவிட்டேன்.

மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. ஹாஸ்டலில் விஷயம் தெரிந்து, "வி.ஏ.ஓ. ஆபீஸ்" என்று கூப்பிட்ட அதே பசங்க ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டு ஒரு பழைய எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தார்கள். யார் பேரையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டதால் எழுதவில்லை. அவர்களே உட்கார்ந்து லினக்ஸ் ஏற்றினார்கள். "இன்னா பேரு வெக்கணும்னு சொல்லு, நாங்களே வெக்கிறோம்" என்றார்கள். தமிழ்99 தெரியாதவன் ஒருத்தன் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி "திண்ணை" என்று அடித்தான்.

தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது தங்கச்சி சொன்னாள்: "அண்ணா, ஆயா பேசுனதுல ஒண்ணு எங்கிட்ட இருக்குதே." பொங்கல் அன்றைக்கு, அவளைப் பற்றி ஆயா ஏதோ சொல்கிறாள் என்று ஒரு துண்டை ப்ளூடூத்தில் தன் போனுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஆறு நிமிஷம். நாற்பதில் ஆறு.

போட்டுக் கேட்டோம். முதலில் "ஆவுதா? ஆவுதாடா?" என்று ஆயா கேட்கிறாள். அப்புறம் தங்கச்சி பிறந்தபோது பெய்த மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்குள் ஆடு ஒன்று சாமைக் கதிரில் வாய் வைத்துவிட்டது போலிருக்கிறது. மீதி நாலு நிமிஷமும் ஆயா அந்த ஆட்டைத் திட்டுகிறாள். விதைப்பு மழையும் இல்லை, தேன் பாறையும் இல்லை, மாடுகளின் பேரும் இல்லை. அவை போனது போனதுதான். அம்மா அந்தத் திட்டைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்த ஆறு நிமிஷம் மூன்று இடத்தில் இருக்கிறது. என் லேப்டாப்பில் ஒன்று. தங்கச்சி போனில் ஒன்று. ஹாஸ்டலில் அடுத்த ரூம் நண்பனின் டிரங்குப் பெட்டியில், ஒரு பென் டிரைவில் ஒன்று. அந்தப் பென் டிரைவுக்கு "மாமன் வீடு" என்று பேர் வைத்திருக்கிறேன். அவனுடைய ப்ராஜெக்ட் என் பெட்டியில் இருக்கிறது.

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விடுவோம். கம்பெனியில் கொடுக்கிற கம்ப்யூட்டரில் நம் இஷ்டத்துக்குத் திண்ணை கட்ட விட மாட்டார்கள். பரவாயில்லை. உங்களுக்கென்று ஒரு மெஷின், பழையதோ புதியதோ, கைக்கு வரும்போது இந்த மூன்றை மட்டும் செய்யுங்கள். முதலில் பெருக்குங்கள். அடுத்து, உங்களுக்குத் தெரிந்த பேரை வையுங்கள். யார் சிரித்தாலும் வையுங்கள், சிரித்தவர்களே ஒரு நாள் வந்து கூட உட்கார்ந்து அடிப்பார்கள். மூன்றாவது, இன்றைக்கு ராத்திரியே விதையில் ஒரு பங்கை மாமன் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.

முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. லேபில் யாராவது மேசை மேல் ஃபோல்டர் தேடினால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய்த் திரையைத் தொட்டுக் காட்டுங்கள். எனக்கு ஒருத்தர் காட்டினார்.

பேட்டரி இல்லாத லேப்டாப்பில், கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று அடிக்கிறேன். தப்பு இருந்தால் மன்னியுங்கள். "சேமி"யை அழுத்திவிட்டேன். பென் டிரைவை எடுத்துக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போகிறேன்.



அன்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு